மிஸ்டுக்குள் ஒரு சந்திர கிரகணம்: எங்கள் வாட்ஸப் குழு அனுபவம்

குன்னூரில் எங்கள் தெருக்காரர்கள், கூடப் படித்தவர்கள் என்று கலந்துகட்டிய வாட்ஸப் குழு ஒன்று இருக்கிறது. காலை வணக்கப் படங்களும் பச்சைத் தேயிலை விலையும்தான் அதில் அதிகம். ஆனால் வானத்தில் ஏதாவது நடந்தால் அன்றைக்குக் குழு களைகட்டிவிடும்.

ஒருநாள் விடிவதற்கு முன்னால் வேலைக்குக் கிளம்பிய ஒரு அண்ணன் வீடியோ போட்டார். ஒளிப்புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் நகர்ந்துகொண்டிருந்தன. “என்னப்பா இது?” முதல் பதில்: “நம்ம மலை ரயில்தாண்ணே. கல்லாறு பக்கம் பாறை விழுந்துருச்சு, அதான் மேல் வழியா விட்டிருக்காங்க.” அடுத்தவர்: “ரிசர்வேஷன் கிடைக்குமா?” அவை ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள். ஏவிய புதிதில் ஒட்டி ஒட்டிப் போகும், அப்புறம் உயரம் ஏற ஏற விலகிவிடும். நமக்கு இருட்டாக இருக்கும்போதும் அந்த உயரத்தில் வெயில் படுவதால்தான் மின்னுகின்றன.

2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணம்தான் எல்லாவற்றிலும் பெரிய கூத்து. கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் காலையிலேயே ‘ஸிஸிஜி’ என்றொரு சொல்லைப் போட்டாள். சூரியன், பூமி, நிலா மூன்றும் ஒரே நேர்கோட்டில் வருவதற்கு அந்தப் பெயராம். “வாய்க்குள்ள பாக்கு மாட்டின மாதிரி இருக்கேம்மா” என்றார் ஒரு மாமா. அவரேதான் மறுவாரம் எழுதினார்: “பர்லியாறு கொண்டை ஊசி வளைவுல ரெண்டு பஸ், ஒரு லாரி, ஸிஸிஜி. யாரும் இப்ப கீழ இறங்காதீங்க.” இன்றைக்கும் எங்கள் குழுவில் டிராபிக் ஜாமுக்கு அதுதான் பெயர்.

அன்று இரவு 11 மணிக்கு நிலா பூமியின் நிழலுக்குள் முழுதாகப் போய் 82 நிமிடம் சிவப்பாக இருந்தது. எங்களுக்குத் தெரிந்தது மிஸ்ட் மட்டும்தான். நடுவில் ஒரு தம்பி “செந்நிலா வந்தாச்சு” என்று படம் போட்டான். பனிக்குள் மங்கலாக ஒரு ஆரஞ்சு வட்டம். ஆளாளுக்கு இதயம் போட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து எதிர்வீட்டு அக்கா: “தம்பி, அது பஸ் ஸ்டாண்டு சோடியம் லைட்டு. கீழ கம்பம் தெரியுது பாரு.”

சிரித்து முடிப்பதற்குள் ஒருவர் சலித்துக்கொண்டார், மலை மேல் இருந்து என்ன பிரயோஜனம் என்று. அதற்கு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுதினார்: “நம்ம ஊட்டி பக்கத்து முத்தோரை டெலஸ்கோப்புக்கு மிஸ்டெல்லாம் ஒரு பொருட்டே இல்லை.” அது ஒளியைப் பார்ப்பதில்லை, ரேடியோ அலைகளைப் பிடிக்கிறது. அந்த அலைகள் பனியை ஊடுருவி வந்துவிடும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வானியல் விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டி 1970இல் முடித்தார்கள். இடம் தேர்ந்தெடுத்த விதம்தான் எனக்கு மெய்சிலிர்த்தது. அந்த மலைச்சரிவு சுமார் 11 டிகிரி, ஊட்டியின் அட்சரேகையும் அவ்வளவே. அதனால் வடக்குத் தெற்காகக் கிடக்கும் டெலஸ்கோப் பூமியின் அச்சுக்கு இணையாக அமைகிறது. அதை ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் போதும், வானத்தில் ஒரு பொருளை மணிக்கணக்காகத் தொடரலாம். எத்தனையோ தடவை அந்தப் பக்கம் பஸ்ஸில் போயிருக்கிறேன், இது தெரியாது. தனிக் கட்டுரையாக வந்திருந்தால் எங்கள் குழுவில் யாரும் திறந்திருக்கவே மாட்டார்கள். சோடியம் லைட்டுக்குச் சிரித்த கையோடு வந்ததால் எல்லோரும் படித்தோம்.

கொடைக்கானல்காரர்கள் யாராவது இருந்தால் உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

பதில்:

நான் கொடைக்கானல்தாங்க. எங்கள் குடும்பக் குழுவில் தம்பி ஒருநாள் சூரியனின் படம் போட்டான், முகமெல்லாம் கரும்புள்ளி. உடனே அத்தையின் குரல் பதிவு: “சூரியனுக்கே மங்கு விழுந்துருச்சா! குங்குமாதி தைலம் தேய்க்கச் சொல்லுங்கடா.” ரெண்டு நாள் அதையே திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தோம். அப்புறம் அத்தையே கேட்டார், அது நிஜமாகவே என்ன என்று. சுற்றியுள்ள பரப்பைவிடச் சூடு குறைவான இடங்கள், அதனால் கறுப்பாகத் தெரிகின்றன என்று தம்பி சொன்னான். அந்தப் புள்ளிகளின் ஓரத்தில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை 1909இல் ஜான் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது இங்கே, நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில்தான். ‘எவர்ஷெட் விளைவு’ என்றே உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். அத்தைக்கு அதைக் கேட்டதில் அவ்வளவு பெருமை. இப்போது ஊரிலிருந்து யார் வந்தாலும் ஏரிக்கு முன்னால் ஆய்வகத்துக்குத்தான் கூட்டிப்போகச் சொல்கிறார்.