காசு விழுகிறது, டைமர் ஓடுகிறது, மோட்டர் அசையவில்லை

கனடா, ஸ்காபரோவில் ஒரு கார்வாஷ், மூலையில் காசு போட்டால் ஓடுகிற வாக்கியூம். லூனி, அதாவது ஒரு டொலர்க் காசு, போட்டால் டைமர் எண்ணுகிறது, உள்ளே மோட்டருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ரிலே டிக் என்கிறது, மோட்டர் இரண்டும் பேச்சுமூச்சில்லை. மோட்டர் வயரைக் கழற்றி மீற்றர் வைத்தேன், 118 வோல்ட். கரண்ட் வருகிறது, அப்போ மோட்டர்தான் போய்விட்டது என்று இரண்டையும் புதிதாகப் போட்டேன். அதுவும் அசையவில்லை. பெப்ரவரிக் குளிரில் விரல் விறைத்துவிட்டது, கடைக்காரர் பக்கத்திலேயே நிற்கிறார். பிறகுதான் மோட்டரைக் கொழுவியபடியே மீற்றரைப் பிடித்துக்கொண்டு இன்னொரு லூனி போடச் சொன்னேன். டிக் என்றதும் 118 சரிந்து 9 ஆனது. கரண்ட் திரும்பிப் போகிற வெள்ளை வயருக்கும், அதாவது நியூட்ரலுக்கும், பெட்டிக்கும் இடையில் 109! நியூட்ரல் வயர்களைச் சேர்த்து முறுக்குகிற மூடியான மரெட்டைக் கழற்றினால் உள்ளே செம்பு முழுக்கப் பச்சைப் பொடி. வீதியில் கொட்டுகிற உப்புதான், கார் மிதியடியிலிருந்து ஈரத்தோடு உள்ளே வந்துவிடுகிறது. வயரைப் பளபளப்பு வருமட்டும் வெட்டிப் புது மரெட் போட்டதும் ஓடியது. பழைய மோட்டர்களும் நல்லவைதான். ஆனால் டைமர் ஓடிக்கொண்டிருந்தபோது அந்த வெள்ளை வயரை, நியூட்ரல்தானே என்று, வெறுங்கையால் ஒதுக்கப் போனேன். அதை நினைத்தால் இன்னும் நித்திரை வருவதில்லை.

—

அண்ணா, கழற்றி வைத்து வோல்ட் பார்த்ததுதான் பிழை. மீற்றர் இழுக்கிற கரண்ட் மிகச் சொற்பம், அரித்துப்போன இணைப்பும் அதற்கு முழு வோல்ட் காட்டும். எனக்கு நடந்தது நேர்மாறு. பிராம்ப்டனில் டைமர் பூச்சியத்தில் நிற்கிறது, மோட்டர் விடிய விடிய ஓடியிருக்கிறது, நான் போனபோது ஹோஸ் வாயில் ஒரு கோப்பி மூடி ஒட்டிக்கொண்டு விசிலடித்தபடி கிடந்தது. ரிலேயை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டினேன், நின்றது. அடுத்த காசில் திரும்பவும் ஒட்டிக்கொண்டது. தொடங்கும்போது இழுக்கிற கரண்ட் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு, அதில் ரிலேக்குள் தொட்டு விலகுகிற காண்டாக்ட் உருகி ஒட்டிவிடுகிறது. ரிலேயை இழுக்கிற காயிலுக்கு வருகிற 24 வோல்ட் நின்றுபோன பிறகும் மோட்டர் ஓடினால் டைமர் போர்டை மாற்றிக் காசைக் கரைக்காதீர்கள்.

—

தம்பி, பிரேக்கரை விழுத்தாமல் ரிலேயைத் தட்டுகிற நீங்கள் அண்ணரைப் பிழை சொல்வது சரியில்லை. என் கதை சின்னது. 2012இல் லூனியை இரும்புக்கு மாற்றினார்கள், 7 கிராம் 6.27 ஆனது. காசு திரும்பி விழுகிறது என்று கூப்பிட்டார்கள், நான் போய் வயர் முழுவதையும் கழற்றிப் பார்த்தேன். பிறகு தட்டில் கிடந்ததை வரிசையாக அடுக்கினால், திரும்பியது எல்லாவற்றிலும் வட்டத்துக்குள் சின்ன மேப்பிள் இலை, புது லூனியின் அடையாளம். புதுக் காசை மெஷினுக்குப் பழக்கியதும் சரி.

இனிப் புதிதாக வருகிறவர்களுக்கு. உறிஞ்சல் குறைந்தால் முதலில் ஹோஸையும் பையையும் பாருங்கள், பிறகு இரண்டு மோட்டரும் ஓடுகிறதா என்று பாருங்கள். ஒன்று நின்றுவிட்டால் மற்றது அதன் வழியாகவே காற்றை இழுக்கும், ஹோஸில் பலம் இருக்காது. பெரும்பாலும் சுற்றுகிற பகுதிக்குக் கரண்ட் கொடுக்கிற கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். அது முழுக்கத் தேய்ந்து, தான் உரசுகிற செம்பு வளையமான கம்யூட்டேட்டரைச் சுரண்ட விட்டால் மோட்டரே போய்விடும். மரெட் போடுவதென்றால் ஜெல் நிரப்பியது போடுங்கள், கதவு ரப்பர் வெடித்திருந்தால் அன்றைக்கே மாற்றுங்கள். மழை பெய்த மறுநாள் ஜிஎஃப்சிஐ, அதாவது கரண்ட் கசிந்தால் துண்டிக்கிற பாதுகாப்புச் சுவிட்ச், விழுகிறது என்று அதைக் கழற்றி நேரே கொடுக்கிறவர்களையும் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள், அந்த ஹோஸைப் பிடித்துக்கொண்டு ஈரத் தரையில் நிற்பது பிள்ளைகளோடு வருகிற சனம்.