‘டபுள்’ என்பதற்கு ‘ஈரடைவு’: ஒரு பரிந்துரை

மதிப்பிற்குரிய குழும அன்பர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் மாவட்ட அணிகள் மோதும் கவுண்டி கிரிக்கெட்டில், ஒரே பருவத்தில், பல நாள் நீளும் முதல்தர ஆட்டங்களில் 1,000 ஓட்டங்களும் 100 விக்கெட்டுகளும் எடுப்பதை ‘டபுள்’ என்பார்கள். இதற்கு ‘இரட்டைச் சாதனை’ என இங்கு முன்மொழியப்பட்ட சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. இரட்டை என்பது ஒரே வகைப் பொருள் இரண்டாய் அமைவதைக் குறிக்கும். இரட்டைச் சதம் என்று நாம் 200 ஓட்டங்களைச் சொல்வதும் அப்பொருளில்தான். இங்கேயோ மட்டையால் ஓர் அளவையும் பந்தால் வேறோர் அளவையும் ஒருவரே எட்டுகிறார்.

யார்க்ஷயர் கவுண்டி அணியின் ஜார்ஜ் ஹர்ஸ்டை எடுத்துக்கொண்டால் இடர்ப்பாடு தெளிவாகும். வலக்கை மட்டையாளராகவும் இடக்கை வேக வீச்சாளராகவும் விளங்கிய அவர் இந்த அளவை 14 பருவங்களில் எட்டினார். அவரோடு கிர்க்ஹீட்டன் என்ற அதே ஊரில் பிறந்த வில்பிரட் ரோட்ஸ் 16 பருவங்களில் எட்டினார். 1906 இல் ஹர்ஸ்ட் 2,385 ஓட்டங்களும் 208 விக்கெட்டுகளும் எடுத்தார். 2,000 ஓட்டம், 200 விக்கெட் என்ற அந்த இருமடங்கு அளவை வேறெவரும் தொட்டதில்லை. அதனை ‘இரட்டை இரட்டைச் சாதனை’ என்று எழுதினால் படிப்பவர் அச்சுப்பிழை என்றே கருதுவார்.

நான் முதலில் எண்ணியது ‘ஈரிலக்கு’. ஆனால் ஈழத்து வழக்கில் விக்கெட்டையே இலக்கு என்பதாலும், துரத்த வேண்டிய ஓட்ட எண்ணிக்கைக்கும் அச்சொல்லே வழங்குவதாலும் கைவிட்டேன். எல்லை என்றால் பவுண்டரி வந்து நிற்கிறது. எனவே ‘ஈரடைவு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன். ஈழத்தில் அடைவு என்றால் நகை அடகும் நினைவுக்கு வரும் என்பதை அறிவேன். ஆயினும் அங்கேயே கல்வித்துறையில் ‘அடைவு மட்டம்’ என்பது நிலைபெற்றிருப்பதால், சூழலே பொருளைக் காட்டிவிடும். ஹர்ஸ்டின் 1906 ஆம் ஆண்டுச் செயல் இப்போது ‘இரட்டை ஈரடைவு’ ஆகிறது. ஒன்றே இருமடங்கானதால் இரட்டை என்ற சொல்லும் தனக்குரிய இடத்தில் அமைகிறது.

வழக்கொழிந்த ஒன்றுக்குச் சொல் எதற்கு என்ற வினாவும் எழுந்தது. 1969 இல் ஞாயிற்றுக்கிழமை லீக் என்னும் ஒருநாள் ஆட்டத் தொடர் தொடங்கி, முதல்தர ஆட்டங்களான கவுண்டி சாம்பியன்ஷிப் ஆட்டங்கள் குறைக்கப்பட்ட பின், இதனை எட்டியவர்கள் 1984 இல் ரிச்சர்ட் ஹாட்லியும் 1988 இல் பிராங்கிளின் ஸ்டீபன்சனும் மட்டுமே. இருவரும் நாட்டிங்ஹாம்ஷயருக்கு ஆடியவர்கள். பார்படாஸ்காரரான ஸ்டீபன்சன், பருவத்தின் கடைசி ஆட்டத்தில் 1,000 ஓட்டங்களை எட்ட இன்னும் 210 ஓட்டங்கள் தேவைப்பட்ட நிலையில், யார்க்ஷயருக்கு எதிராக 111, 117 என இரு சதங்கள் அடித்து 11 விக்கெட்டுகளும் வீழ்த்தினார். 1906 இல் பாத் நகரில் சாமர்செட்டுக்கு எதிராக ஹர்ஸ்ட் எடுத்தவையும் 111, ஆட்டமிழக்காமல் 117, 11 விக்கெட்டுகள்! ஒரு டெஸ்ட் ஆட்டத்தில்கூட இடம்பெறாத ஸ்டீபன்சனைப் பற்றித் தமிழில் எழுத முற்படுபவர் முதல் வரியிலேயே இச்சொல்லைத் தேடுவார்.

வினையாக ‘ஈரடைவு எய்தினார்’ என்பது எனக்கு இயல்பாகப் படுகிறது. ‘ஈரடைவு கண்டார்’ என்பது பொருந்துமா என்பதை இலக்கணம் அறிந்த அன்பர்கள் ஆய்ந்து சொல்ல வேண்டுகிறேன்.