எச்ஓ ரயில் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது: பழையதைச் சரிசெய்வதா, வேறு இன்ஜின் வாங்குவதா?

திருவான்மியூர்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். போன தீபாவளிக்கு அத்தை மகன் நியூ ஜெர்சியிலிருந்து வந்தபோது ஒரு தொடக்கநிலை ரயில் செட் கொண்டுவந்து கொடுத்தார். எச்ஓ அளவு, அதாவது நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு. நான்கு அச்சு டீசல் இன்ஜின் ஒன்று, சரக்கு வேகன்கள் மூன்று, கறுப்பு பிளாஸ்டிக் படுகையோடு ஒட்டிய தண்டவாளம் (வளைவு 12, நேர் 4), ஒரு கன்ட்ரோலர். அப்பா ரயில்வேயில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்காகவே கூடத்தில் பிளைவுட் பலகை போட்டுப் பாதை அமைத்தேன்.

முதல் இரண்டு மாதம் நன்றாக ஓடியது. மழைக்காலம் முடிந்து மறுபடி எடுத்தபோதுதான் தொல்லை. கன்ட்ரோலர் பக்கம் வேகமாகப் போகும் இன்ஜின், எதிர்ப்பக்கம் போகப் போகச் சோர்ந்து, ஜன்னலோரம் நின்றேவிடுகிறது. விரலால் தள்ளினால் போகிறது. போதாக்குறைக்கு, பழைய பொருளாக வாங்கிய இரண்டு பயணிகள் பெட்டிகளும் வளைவில் ஏறியதும் சரிகின்றன.

தண்டவாளத்தை உப்புத்தாளால் தேய்த்தேன். சக்கரங்களுக்குத் தையல் இயந்திர எண்ணெய் விட்டேன். ஒன்றும் பயனில்லை. ஒருவர் பயன்படுத்திய இன்ஜினை 6,500 ரூபாய்க்குத் தருவதாகச் சொல்கிறார். என்னிடம் இருப்பது 7,000. வாங்கலாமா?

பெரம்பூர்ப் பணிமனை

தம்பி, பணத்தை வைத்திருங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிக்குப் புதிய இன்ஜினும் அதே ஜன்னலோரத்தில்தான் நிற்கும். மூன்று விவரம் வேண்டும்.

கன்ட்ரோலரின் அடாப்டரில் உள்ளீடு எவ்வளவு என்று அச்சிட்டிருக்கிறது? அமெரிக்க அடாப்டர் பெரும்பாலும் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டது. அதை நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகவே கூடாது. அடுத்து, ஒரு காந்தத்தைத் தண்டவாளத்தின் மேல் வையுங்கள், ஒட்டுகிறதா? கடைசியாக, மல்டிமீட்டரை டி.சி.யில் வைத்து, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கன்ட்ரோலர் பக்கமும் ஜன்னல் பக்கமும் அளந்து சொல்லுங்கள். இன்ஜின் இல்லாமல் அளந்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு காட்டி ஏமாற்றிவிடும்.

திருவான்மியூர்க்காரன்

நன்றி ஐயா. அடாப்டர் 120 வோல்ட்தான். முதல் நாளிலிருந்தே மின்னழுத்தம் குறைக்கும் பெட்டி வழியாகத்தான் செருகுகிறேன். காந்தம் கெட்டியாக ஒட்டுகிறது. மல்டிமீட்டரை ரிச்சி தெருவில் நேற்று வாங்கினேன். கன்ட்ரோலர் பக்கம் 11.4 வோல்ட், ஜன்னல் பக்கம் 6.9.

பெரம்பூர்ப் பணிமனை

நான்கரை வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகிறது. எங்கே என்று பார்ப்போம்.

காந்தம் ஒட்டினால் உங்கள் தண்டவாளம் எஃகு. விலை குறைந்த செட்டுகளில் கறுப்புப் படுகையோடு எஃகும், சற்றே விலை கூடிய சாம்பல் நிறப் படுகையோடு நிக்கல் சில்வரும் வருவதைப் பார்க்கலாம். நிக்கல் சில்வரில் வெள்ளி கிடையாது. செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்தது, துருப்பிடிக்காது. எஃகுத் தண்டவாளத்துக்குத் திருவான்மியூர் உப்புக் காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேல்பரப்புத் துருவை நீங்கள் தேய்த்துவிட்டீர்கள். ஆனால் இரண்டு துண்டுகளைச் சேர்க்கும் சின்னத் தகடு இருக்கிறதே, அதன் உள்ளேயும் துரு இருக்கும். உங்கள் வட்டத்தில் 16 இணைப்புகள். ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் ஜன்னலுக்குப் போய்ச் சேரும்போது மிச்சம் 6.9தான்.

ஒரு துண்டைக் கழற்றி அந்தத் தகட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே செம்மண் அப்பியதுபோல இருந்தால் நான் சொன்னது சரி. எல்லாத் தகடுகளையும் சுத்தம் செய்து, தளர்ந்திருப்பதைக் குறடால் மெல்ல இறுக்குங்கள். பிறகு கன்ட்ரோலரிலிருந்து இன்னொரு ஜோடி வயரை ஜன்னல் பக்கத்துக்குக் கொண்டுபோய்ப் பற்றவையுங்கள். வெளித் தண்டவாளத்தின் வயர் வெளித் தண்டவாளத்துக்கே போக வேண்டும். மாறினால் ஷார்ட் ஆகிவிடும். பிளாஸ்டிக் படுகை உருகாமலிருக்க, தகட்டைத் தனியே கழற்றி அதில் பற்றவைத்துவிட்டுத் திரும்ப மாட்டுவது நல்லது.

உப்புத்தாளை இனித் தொடாதீர்கள். அது போடும் கீறல்களில்தான் அழுக்கு போய்த் தங்குகிறது. மையழிக்கும் கடின ரப்பர் போதும். அதன்பின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுத்துணியால் துடையுங்கள்.

இப்போது இன்ஜின். அதைத் தலைகீழாகக் கையில் பிடித்து, 9 வோல்ட் பேட்டரியிலிருந்து வரும் இரண்டு வயர்களையும் சக்கரங்களில் ஒவ்வொரு ஜோடியாகத் தொட்டுப் பாருங்கள். எட்டுச் சக்கரங்களில் எவை மின்சாரம் எடுக்கின்றன, எவை சும்மா உருள்கின்றன என்று தெரிந்துவிடும். மலிவான இன்ஜின்களில் ஒரு போகிக்கு (அச்சுகளைத் தாங்கித் திரும்பும் அடிச்சட்டம்) மட்டுமே மோட்டாரின் விசை போகும். அதிலும் இரண்டு சக்கரங்களுக்கு வழுக்காமலிருக்க ரப்பர் வளையம் போட்டிருப்பார்கள். அவை மின்சாரம் எடுக்கா. எண்ணெய் விட்டேன் என்கிறீர்கள், எனக்குக் கவலையே அதில்தான். எண்ணெய் பட்ட ரப்பர் ஊறிப் பெருத்து நழுவும். தண்டவாளத்தில் படிந்த எண்ணெயோ தூசியோடு குழைந்து சக்கரத்தைச் சுற்றிக் கறுப்புப் பட்டையாக ஒட்டிக்கொள்ளும். அதைப் பல்குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு ஆல்கஹாலால் துடையுங்கள். ரப்பர் வளையத்தில் ஆல்கஹால் படக் கூடாது. எண்ணெய் அச்சு முனைக்கு மட்டும், ஊசிமுனையளவு. பிளாஸ்டிக்கைக் கெடுக்காத எண்ணெயாக இருக்க வேண்டும்.

மயிலாப்பூர் மாடியறை

பயணிகள் பெட்டிகளைப் பற்றி நான் சொல்கிறேன். பேரனும் நானும் நான்கு ஆண்டுகளாக ஐசிஎஃப் (பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலை) நீலத்தில் பெட்டிகளுக்கு வண்ணம் பூசி ஓட்டி வருகிறோம். விழுந்த பெட்டிகளை எண்ணினால் நூறைத் தாண்டும்.

தம்பி, பெட்டியின் நீளம் எவ்வளவு? 12 துண்டில் வட்டம் முடிகிறது என்றால் உங்கள் வளைவின் ஆரம் அநேகமாக 18 அங்குலம், அதாவது 457 மி.மீ. பெரம்பூரில் செய்த ஐசிஎஃப் பெட்டியின் உடல் ஏறத்தாழ 21.3 மீட்டர். 1:87இல் அது 245 மி.மீ. வரும். இவ்வளவு நீளம் அந்த வளைவில் போகாமல் இல்லை, ஆனால் கப்ளிங் (பெட்டிகளை இணைக்கும் கொக்கி) எங்கே பொருத்தியிருக்கிறது என்பதுதான் கேள்வி. போகியோடு சேர்ந்து திரும்பும் கப்ளிங் என்றால் பிழைக்கும். பெட்டியின் உடலில் அறைந்த கப்ளிங் என்றால், வளைவில் பெட்டியின் முனை வெளியே தள்ளும்போது பக்கத்துப் பெட்டியையும் இழுத்துச் சாய்த்துவிடும்.

எடை போட்டீர்களா? அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ எச்ஓ பெட்டிகளுக்கு ஒரு கணக்குச் சொல்கிறது: அடிப்படையாக ஓர் அவுன்சு, அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் அரை அவுன்சு. 245 மி.மீ. பெட்டிக்கு அது 165 கிராம் அளவில் வரும். எங்கள் பெட்டியைச் சமையலறைத் தராசில் வைத்தபோது 88 கிராம்தான் காட்டியது. வன்பொருள் கடையில் வாஷர்கள் வாங்கி, தரையோடு தரையாக ஃபெவிகால் போட்டு ஒட்டினோம். மேலே ஒட்டினால் தலைக்கனம் கூடி இன்னும் சரியும்.

அதோடு வெர்னியர் காலிப்பரால் ஒரே அச்சில் உள்ள இரு சக்கரங்களின் உள்முகங்களுக்கு நடுவே அளந்து பாருங்கள். 14.4 மி.மீ. அளவில் இருக்க வேண்டும். பிளாஸ்டிக் அச்சுகளில் ஒன்றிரண்டு நெருங்கிப் போயிருக்கும். மெல்ல முறுக்கி இழுத்தால் சரியாகும்.

குரோம்பேட்டை மாணவன்

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் முதல்முறையாக வாங்கப் போகிறேன். குறைந்த விலை இன்ஜினில் எதைப் பார்க்க வேண்டும், அண்ணா? நம் பிராட்கேஜுக்கு எச்ஓவின் 16.5 மி.மீ. இடைவெளித் தண்டவாளம் சரியா?

பெரம்பூர்ப் பணிமனை

கணக்குப்படி சரியில்லை. 1,676 மி.மீ. அகலப் பாதை 1:87இல் 19.3 மி.மீ. வர வேண்டும். ஆனாலும் கடையில் கிடைக்கும் 16.5இல்தான் பெரும்பாலோர் ஓட்டுகிறோம், கண்ணுக்கு உறுத்தாது.

இன்ஜினில் எல்லாச் சக்கரங்களுக்கும் விசை போகிறதா, எல்லாச் சக்கரங்களும் மின்சாரம் எடுக்கின்றனவா என்று கேளுங்கள். கையில் எடுத்தால் கனக்க வேண்டும். ஹார்ன்பி நிறுவனத்தின் ரெயில்ரோடு வரிசை, பிகோ நிறுவனத்தின் மைடிரெயின் வரிசை இரண்டும் தொடக்கநிலைக்காரர்களுக்கென்றே வருபவை. ஹார்ன்பியின் பிரிட்டிஷ் மாதிரிகள் 1:76; தண்டவாளம் ஒன்றே என்றாலும் எச்ஓ பெட்டிகளுக்குப் பக்கத்தில் சற்றுப் பெரிதாகத் தெரியும். பயன்படுத்தியதை வாங்குவதானால், மிக மெதுவாக நகரும் காணொளி கேளுங்கள். வேகமாக ஓடுவதை மட்டும் காட்டுகிறவரிடம் வாங்க வேண்டாம்.

திருவான்மியூர்க்காரன்

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். தகடுகளின் உள்ளே ஐயா சொன்னபடியே செம்மண் நிறம். பதினாறையும் கழற்றிச் சுத்தம் செய்து, ஜன்னல் பக்கம் இரண்டாவது ஜோடி வயர் பற்றவைத்தேன். இப்போது இரண்டு பக்கமும் 11.2. பேட்டரி வைத்துப் பார்த்ததில் நான்கு சக்கரங்கள் மட்டுமே மின்சாரம் எடுக்கின்றன. அவற்றிலிருந்து சுரண்டிய அழுக்கு ஒரு மிளகளவு இருந்தது. ரப்பர் வளையங்களில் ஒன்று தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும்.

மாடியறை அம்மா, பெட்டிகள் 96 கிராம்தான் இருந்தன. வாஷர் ஒட்டி 160க்குக் கொண்டுவந்தேன். கப்ளிங் போகியில்தான் இருக்கிறது. ஒரு பெட்டி நேற்று மாலை முழுவதும் விழவே இல்லை. மற்றதில் ஓர் அச்சு 13.9 காட்டுகிறது, முறுக்கிப் பார்த்தேன், மறுபடி நெருங்கிவிடுகிறது. அப்பா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எந்த இணைப்பில் சத்தம் மாறுகிறது என்று பென்சிலால் குறித்துக் கொடுத்தார்.

அந்த 6,500 ரூபாய் இன்ஜினை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பெட்டிகளுக்கும் உலோகச் சக்கரங்கள் எட்டு அச்சு வாங்கலாம் என்றிருக்கிறேன்.

மயிலாப்பூர் மாடியறை

நல்லது தம்பி. வாங்குவதற்கு முன் பழைய அச்சைக் கழற்றி முனைக்கு முனை நீளத்தை அளந்து கொள்ளுங்கள். எச்ஓவில் 24.5 மி.மீ. முதல் 26 மி.மீ. வரை பலவாறு வருகின்றன. அரை மி.மீ. கூடினாலும் போகி இறுகிச் சக்கரம் சுற்றாது. குறைந்தால் அச்சு கழன்று விழும். அப்பா குறித்த இணைப்புகளில் தகட்டை இன்னொரு முறை பாருங்கள், ஒரு பக்கத் தண்டவாளம் தகட்டுக்குள் போகாமல் அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும்.