மழை பெய்தால் பூனை மூத்திர மணம் திரும்பி வருகிறது: உதவி தேவை

கோண்டாவில் பெடியன்:
வணக்கம். எங்கள் வீட்டுக் கடுவன் பூனைக்கு ஒரு வயது தாண்டிவிட்டது. ஹோலில் உள்ள இலவம்பஞ்சு மெத்தையிலும் பக்கத்துச் சுவரடியிலும் மூத்திரம் பெய்கிறது. உறையைத் தோய்த்து, மெத்தையை முற்றத்து வெயிலில் காயப் போட்டோம். வெயில் காலம் முழுக்க ஒரு மணமும் இல்லை. மாரி தொடங்கியதும் கதவைத் திறந்தாலே மூக்கில் அடிக்கிறது. அம்மம்மா பகலில் சாய்வது அந்த மெத்தையில்தான், இப்போது பக்கத்தில் போகவே மாட்டேன் என்கிறா. நிலம் பழைய சிவப்புச் சீமெந்து. குளோரின் போட்டுக் கழுவச் சொல்கிறா அம்மா. போடலாமா?

பனையடி:
தம்பி, குளோரின் வேண்டவே வேண்டாம். பழைய மூத்திரத்தில் அமோனியா இருக்கும். அதோடு குளோரின் சேர்ந்தால் குளோரமைன் என்ற நச்சு வாயு வரும். பூட்டிய ஹோலில் வயதான ஆளுக்கு மூச்சு முட்டிவிடும்.

மழைக்கு மணம் வருவதற்குக் காரணம் உள்ளே காய்ந்து கிடக்கும் மூத்திர மிச்சம். தண்ணீரில் கழுவினாலும் முழுதாகப் போகாமல் நூலிலும் பஞ்சிலும் ஒட்டிக்கொள்ளும். காற்றில் ஈரம் ஏறியதும் திரும்ப மணக்கும். அதை உடைக்க நொதி சேர்ந்த செல்லப்பிராணிக் கறை நீக்கி வேண்டும். போத்தலில் 'என்சைம்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மேலால் தெளித்தால் காணாது. மூத்திரம் இறங்கிய ஆழத்துக்கு இதுவும் இறங்க வேண்டும். நன்றாக நனைத்து, காயாமல் பொலித்தீன் போட்டு மூடி, ஒரு இரவு விடுங்கள். அதற்கு முன் சவுக்காரமோ கிருமிநாசினியோ பட்டிருந்தால் வெறும் தண்ணீரால் அலசிவிடுங்கள், இல்லாவிட்டால் நொதி வேலை செய்யாது.

செவ்வரத்தை:
மெத்தைக்கு நான் வேறு வழி சொல்கிறேன். இலவம்பஞ்சை ஆழமாக நனைத்தால் கட்டிபட்டுவிடும், மாரியில் காயவும் காயாது, பூஞ்சணம் பிடிக்கும். தையலைப் பிரித்துக் கையை விட்டுப் பாருங்கள். மூத்திரம் ஊறிய பஞ்சு மஞ்சளாக, திரண்டு, கைக்குக் கரகரவென்று இருக்கும். அதை மட்டும் எடுத்து எறிந்துவிட்டுப் புதுப் பஞ்சு வைத்துத் தையுங்கள். உறையை நொதித் திரவத்தில் ஊறவையுங்கள். சுடுதண்ணீர் வேண்டாம், கறை இறுகிவிடும்.

கோண்டாவில் பெடியன்:
நன்றி அக்கா. நொதித் திரவம் கிடைக்கும்வரை வினாகிரியால் நிலத்தைத் துடைக்கலாமா?

பனையடி:
சிவப்புச் சீமெந்தில் வேண்டாம். வினாகிரி அமிலம், சீமெந்தில் இருப்பது சுண்ணாம்பு. பளபளப்பை அரித்துவிடும், அரித்த இடத்தில் அடுத்த மூத்திரம் இன்னும் ஆழமாக இறங்கும். தோய்க்கக்கூடிய துணிக்கு மட்டும் தண்ணீர் கலந்து பாவிக்கலாம், அமோனியா மணம் குறையும்.

நிலத்துக்குப் பார்மசியில் 3 சதவீத ஹைட்ரஜன் பெரொக்சைட் கேளுங்கள். கொஞ்சம் அப்பச்சோடாவும் ஒரு சொட்டுக் கோப்பை கழுவும் திரவமும் கலந்து உடனே பூச வேண்டும். போத்தலில் மூடி வைத்தால் வாயு சேர்ந்து வெடிக்கும். நிறம் வெளுக்கக்கூடும், முதலில் மூலையில் ஒரு பொட்டு வைத்துப் பாருங்கள்.

சுவரை இரவில் லைற்றை அணைத்துவிட்டு யூவி ரோச்சால் பாருங்கள். மூத்திரம் பட்ட இடம் மஞ்சள் பச்சையாக ஒளிரும். பூனையின் பின்பக்க உயரத்தில் இருந்து கோடாக வழிந்திருந்தால் அது எல்லை குறிப்பதற்காகப் பீச்சியது.

செவ்வரத்தை:
அப்படியென்றால் கருத்தடை செய்யாமல் எதைப் பூசினாலும் திரும்ப வரும். கடுவன் மூத்திரத்தின் காட்டமே தனி. கருத்தடைக்குப் பிறகு அந்தக் காட்டமும் குறையும், பெரும்பாலான பூனைகள் பீச்சுவதையும் விட்டுவிடும். சில கிழமைகள் எடுக்கும், பொறுத்திருங்கள்.

தயவுசெய்து டெற்றோல், பீனைல், பூச்சி உருண்டை எதையும் அது படுக்கிற இடத்தில் போடாதீர்கள். காலை நக்கினால் போதும், பூனையின் ஈரலால் அந்த நஞ்சைக் கழிக்க முடியாது.

இன்னொன்று. அடிக்கடி குந்திக் குந்தி முக்குகிறதா, கத்துகிறதா, மூத்திரத்தில் இரத்தம் தெரிகிறதா என்று கவனியுங்கள். கடுவனுக்கு மூத்திரப்பாதை அடைத்தால் ஓரிரு நாளிலேயே உயிர் போய்விடும். அப்படிக் கண்டால் மெத்தையை விட்டுவிட்டு உடனே மிருக வைத்தியரிடம் கொண்டு ஓடுங்கள்.

கோண்டாவில் பெடியன்:
முக்கவில்லை அக்கா, நன்றாகச் சாப்பிடுகிறது. சுவரில் கோடு இருக்கிறது. கருத்தடைக்கு நாள் கேட்கப் போகிறேன்.

செவ்வரத்தை:
நல்லது தம்பி. கருத்தடைக்கு முந்தின நாள் எத்தனை மணியோடு சாப்பாட்டை நிறுத்த வேண்டும் என்பதையும் வைத்தியரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள்.