கடலை சாப்பிடறவங்க உடம்புல எவ்ளோ அஃப்ளடாக்சின் (பூசண விஷம்) போகுதுன்னு எப்படி அளக்கறது?

ஈரோடு பொண்ணு:
எம்எஸ்சி நியூட்ரிஷன் பண்றேன், ப்ராஜெக்ட் இதான். கைட் சொல்றாங்க, தினம் எவ்ளோ கடலை சாப்பிடறாங்கன்னு கேட்டுக்கோ, கடைல வாங்கின கடலைய லேப்ல குடுத்து அளவு எடு, ரெண்டையும் பெருக்கி ஆளோட எடையால வகுத்தா முடிஞ்சுதுன்னு. எனக்கென்னவோ மனசு ஒப்பல. ரத்தம், யூரின்லயே நேரா பாக்க முடியாதா?

பழைய லேப் ஆளு:
சந்தேகம் சரிதான்மா. இந்த விஷம் கடலைல சமமா பரவி இருக்காது, மூட்டைல சில சொத்தைலயே முக்கால்வாசியும் இருக்கும், நீங்க எடுத்த கைப்பிடில அது மாட்டலைன்னா ரிப்போர்ட் சுத்தம்னு வரும், அடுத்த கைப்பிடி லிமிட்ட தாண்டி நிக்கும். கடலைல இருக்கற முக்கிய வகை பி1, அத உடம்பு மாத்தறப்ப வர்ற எம்1-ஐ யூரின்ல பாத்தா நேத்து முந்தாநேத்து சாப்பிட்டது தெரியும். ரத்தத்துலன்னா, கல்லீரல் பி1-ஐ மாத்தறப்ப கொஞ்சம் போய் ரத்தத்துல இருக்கற ஆல்புமின்ங்கற புரதத்துல ஒட்டிக்கும், அதோட அரை ஆயுள் சுமார் 20 நாள்ங்கறதால கடைசி ரெண்டு மூணு மாசக் கதை வரும், சுகர்காரங்களுக்கு மூணு மாச சராசரி காட்டற எச்பிஏ1சி டெஸ்ட் மாதிரி.

ஷாங்காய்ல 18,000 ஆம்பளைங்களுக்கு மேல யூரின முன்கூட்டியே எடுத்து ஃப்ரீசர்ல வச்சு, பின்னாடி லிவர் கேன்சர் வந்தவங்களோடத எடுத்து பாத்தாங்க, 1992ல வெளிவந்துச்சு. சாப்பாட்ட கேட்டு போட்ட கணக்குல பெருசா தொடர்பு தெரியல, யூரின்ல தெரிஞ்சுது. ஹெபடைட்டிஸ் பி-யும் சேந்து இருந்தவங்களுக்கு, ரெண்டும் இல்லாதவங்கள விட ரிஸ்க் சுமார் 60 மடங்கு!

மாட்டுக்காரன்:
எம்1 பால்லயும் வருமே சார். பூசணம் புடிச்ச கடலைப் புண்ணாக்க மாடு தின்னா பால்ல இறங்கும், காய்ச்சினாலும் போகாது. அப்ப யூரின்ல வந்தது கடலையா காபியான்னு எப்படி பிரிப்பாங்க?

பழைய லேப் ஆளு:
நல்ல கேள்வி தம்பி. பால் எவ்ளோ குடிக்கறாங்கன்னும் கேட்டு எழுதணும். இல்லன்னா டிஎன்ஏ-ல ஒட்டி கழண்டு யூரின்ல வர்ற பி1-என்7-குவானின் பாக்கணும், அது பி1 சாப்பிட்டாதான் வரும். ஆனா அதுக்கு எல்சிஎம்எஸ் (பொருள பிரிச்சு அதோட மூலக்கூறு எடைய வச்சு அளக்கற மெஷின்) வேணும்.

ஈரோடு பொண்ணு:
எல்சிஎம்எஸ்க்கு எங்க சார் போறது 😭 காலேஜ்ல எலிசா (ஆன்டிபாடி வச்சு அளக்கற டெஸ்ட்) ரீடர்தான் இருக்கு.

பழைய லேப் ஆளு:
அப்ப எம்1 எலிசாவே போங்க. ஒரே ஆள்கிட்ட வேற வேற நாள்ல ரெண்டு மூணு தடவ யூரின் வாங்குங்க, யூரின்ல எப்பவும் வர்ற கழிவான க்ரியாட்டினினால வகுங்க, இல்லன்னா தண்ணி நிறைய குடிச்சவனுக்கு நம்பர் கம்மியா காட்டும். கைட் கணக்கையும் விடாம அதே ஆளுங்களுக்கு போட்டு பக்கத்துல வைங்க, ரெண்டும் எவ்ளோ ஒத்துப்போகுதுங்கறதே நல்ல தீசிஸ்தான். யூரின் நம்பர வச்சு இத்தன மைக்ரோகிராம் தின்னாங்கன்னு மட்டும் எழுதிடாதீங்க, லிவர் வேல பண்றது ஆளுக்கு ஆள் மாறும், யாருக்கு அதிகம் யாருக்கு கம்மின்னு ஒப்பிடலாம், அவ்ளோதான். எதிக்ஸ் கமிட்டி பேப்பர முதல்ல போடுங்க, அதுதான் இழுத்தடிக்கும்.