மறு: ‘அறக்குழப்பம்’ என்ற சொல் பற்றி

அனைவருக்கும் வணக்கம்.

> பழைய கௌபாய் படங்களில் நாயகன் செய்வது சரியா தவறா என்று பிரிக்க முடியாத நிலைக்கு ‘அறக்குழப்பம்’ என்று போடலாமா?

பொருள் புரிகிறது, ஆனால் ‘குழப்பம்’ உறுத்துகிறது. குழப்பம் என்றால் யாராவது குழம்பியிருக்க வேண்டும். ஜான் ஃபோர்டின் ‘தி சர்ச்சர்ஸ்’ (1956) படத்தில் ஜான் வெய்ன் ஏற்ற ஈதனைப் பாருங்கள். சகோதரன் குடும்பத்தைக் கொமான்ச்சிகள் என்ற அமெரிக்கப் பழங்குடியினர் கொன்றுவிட்டார்கள். அவர்கள் தூக்கிப்போன சிறுமியை ஆண்டுக்கணக்கில் தேடுகிறான். போகப்போகத்தான் நமக்கு உறைக்கிறது: கொமான்ச்சிகளோடு வளர்ந்துவிட்டவளைக் கொன்றுவிடத்தான் தேடுகிறான். வழியில் செத்துக் கிடக்கும் ஒரு கொமான்ச்சியின் இரு கண்களையும் சுடுகிறான். கண் போனால் ஆவியுலகம் புக முடியாது என்ற அவர்களுடைய நம்பிக்கை அவனுக்கு நன்றாகவே தெரியும். அப்படிப்பட்டவன் கடைசியில் அந்தப் பெண்ணை இரு கைகளிலும் தூக்கி, வீட்டுக்குப் போவோம் என்கிறான். இவனிடம் குழப்பம் எங்கே இருக்கிறது? பாசமும் வெறியும் கலந்தே கிடக்கின்றன.

இந்தக் கலப்புக்கு நம் இலக்கணத்தில் பேர் இருக்கிறது: மயக்கம். ஒரு நிலத்துக்குரியது இன்னொரு நிலத்தில் கலந்து வரும் திணைமயக்கம், ஒரு வேற்றுமை உருபு இன்னொன்றின் இடத்தில் வரும் உருபுமயக்கம் எல்லாம் அப்படி வந்தவைதானே. ஒரே தொடர் ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் தருவதற்கு மொழியியலில் ‘பொருள்மயக்கம்’ ஏற்கெனவே புழங்குகிறது. ஆகவே ‘அறமயக்கம்’ என்பது என் முன்மொழிவு.

தலைசுற்றல் என்று படிப்பார்களே என்பீர்கள். முதல் தடவை படிப்பார்கள், சரி. எனக்குள்ள சங்கடம் வேறு. ‘உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே’ என்கிறது தொல்காப்பியம். அதாவது, திணைக்குரிய உணர்வான உரிப்பொருள் தவிர மற்றவை கலக்கலாம். இங்கே மயங்குவதோ உரிப்பொருளே. கொஞ்சம் அத்துமீறல்தான், ஆனாலும் சொல்லைக் கைவிட மனமில்லை.

இன்னொன்று, ‘தி பிரவாடோஸ்’ (1958) படத்தை இந்தத் தலைப்பின் கீழ் கொண்டுவர வேண்டாம். மனைவியைக் கொன்றவர்கள் என்று நினைத்து கிரெகரி பெக் நால்வரைத் துரத்துகிறார். மூவரைக் கொன்ற பிறகுதான் தெரிகிறது, கொன்றது பக்கத்தில் குடியிருந்தவன் என்று. கயிற்றைப் பாம்பென்று அடித்த கதை. தருக்க நூலார் இதைத் ‘திரிபு’ என்பார்கள், அதுவே போதும். ஆனால் ஊர் அவரைக் கொண்டாடுகிறதே, அந்த இடத்துக்கு வேண்டுமானால் அறமயக்கம் பொருந்தும்.

> பழிவாங்கும் படத்துக்கு ‘வஞ்சினப் படம்’?

அழகான சொல், ஆனால் வஞ்சினம் என்பது பலரறியச் சொல்லும் சூளுரை. ‘இன்னது செய்யேனாயின் இன்னவனாகுக’ என்று புறநானூற்று மன்னர்கள் முழங்குவது. கௌபாய் நாயகர்கள் பலர் வாயே திறப்பதில்லை. தவிர, ‘பழி’யை விட்டால் நமக்குத்தான் நட்டம். குற்றத்துக்கும் அதே சொல், அதைத் தீர்ப்பதற்கும் அதே சொல். ‘அன்ஃபர்கிவன்’ (1992) படத்தில் ஆயிரம் டாலர் பரிசுக்காகக் கிளம்பிய பன்றிப் பண்ணைக்காரன் மன்னி, கடைசியில் நண்பனுக்காகச் சுட்டுத் தள்ளுகிறானே, அவன் பழியை வாங்கினானா, தீர்த்தானா? ‘பழிவாங்கல்’ என்ற சொல் இரண்டுக்கும் இடம் தருகிறது. வஞ்சினத்தில் அது இல்லை.

‘வெஸ்டர்ன்’ என்பதை ‘மேற்கத்தியப் படம்’ என்று யாரும் தயவுசெய்து எழுத வேண்டாம். ஹாலிவுட் முழுவதும் அதற்குள் வந்துவிடும். ஜெய்சங்கர் காலத்திலிருந்து ‘கௌபாய் படம்’ எல்லோருக்கும் தெரியும், அப்படியே இருக்கட்டும்.

நம் கலைச்சொல் பட்டியலில் ‘அறமயக்கம்’, ‘பழிவாங்கல் படம்’ என்று தற்காலிகமாகச் சேர்த்திருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.