புதுப்பிப்பு: 0.3 × 0.2 ஏன் 0.06?

0.3-ஐ 0.2-ஆல் பெருக்கினால் 0.6 என்று மகள் அடம்பிடிக்கிறாள், எப்படி விளக்குவது என்று முன்பு கேட்டிருந்தேன். பலரும் ‘புள்ளிக்குப் பின்னுள்ள இலக்கங்களை எண்ணச் சொல்லுங்கள்’ என்றீர்கள். விதி சரிதான், ஆனால் ‘ஏன்’ என்று கேட்பவளிடம் அது எடுபடவில்லை.

கைகொடுத்தது கட்டத்தாள். பத்துக்குப் பத்துச் சதுரம். 100 கட்டங்களும் சேர்ந்து 1. மூன்று நெடுவரிசைகளுக்கு நீலம், இரண்டு கிடைவரிசைகளுக்கு மஞ்சள் தீட்டினாள். பச்சையானவை ஆறே கட்டங்கள். நூறில் ஆறு, அதாவது 0.06. பத்தில் ஒன்றில் பத்தில் ஒன்றை எடுத்தால் நூறில் ஒன்றுதானே!

அடுத்த வழக்கு 2.5 × 0.4. 25 × 4 = 100, இரண்டு இடம் தள்ளினால் 1.00. கால்குலேட்டரோ வெறும் 1 என்கிறது. ‘புள்ளி எங்கே போனது?’ நல்ல கேள்வி. கடைசிப் பூச்சியங்களை அது காட்டுவதில்லை, மதிப்பு மாறவில்லை.

இப்போது பெருக்கும் முன்பே உத்தேச விடை சொல்ல வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். கிலோ 48 ரூபாய்க் கத்தரிக்காய் 350 கிராம்: 0.35 × 48. அரைக் கிலோவே 24 ரூபாய். 168-க்கும் வழியில்லை, 1.68-க்கும் வழியில்லை. 16.80தான்.

0.5-ஆல் வகுத்தால் எண் ஏன் பெரிதாகிறது என்று அதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.